செலவில்லாமல் தரமான வர்த்தகப் படங்கள்: இலவச மென்பொருளில் எச்.டி.ஆர். முறை

கடையை அழகுபடுத்த இலட்சக்கணக்கில் செலவிடும் நம் வர்த்தகர்கள் பலர், அந்தக் கடையின் புகைப்படத்தைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. கண்ணாடி அலுமாரி, மின்விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் முதல் தரமாக இருக்கும். ஆனால் துண்டுப்பிரசுரத்தில் அச்சாகும் படத்தில் வாசல் பக்கம் வெள்ளைத் திட்டாகவும், உள்பக்கம் கறுப்பு நிழலாகவும் தெரியும். நேரில் வந்து பார்க்காத வாடிக்கையாளருக்கு அந்தப் படம்தான் கடை. அவர் அதைப் பார்த்தே வருவதா இல்லையா என்று தீர்மானிக்கிறார்.

இந்தக் குறையைத் தீர்க்கப் புதிய கமராவோ, ஸ்டூடியோ விளக்குகளோ தேவையில்லை. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று தடவை எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் மூலம் ஒன்றாகச் சேர்த்தால் போதும். இதனை எச்.டி.ஆர். முறை என்பார்கள். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான முழு வீச்சையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரும் முறை என்று விளக்கலாம். அதை எப்படிச் செய்வது என்பதையும், எந்த இடத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம். இரண்டாவது விடயம் முதலாவதை விட முக்கியமானது.

கண்ணும் கமராவும்

நண்பகல் வெயிலில் வெளியே விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1 இலட்சம் லக்ஸ். டியூப் லைட் போட்ட ஒரு கடைக்குள் இருப்பது 300 முதல் 500 லக்ஸ் வரைதான். அதாவது வாசலுக்கு வெளியே உள்ள வெளிச்சம் உள்ளே இருப்பதைப் போல 200 மடங்குக்கும் அதிகம். நம் கண் வெளியே பார்க்கும்போது சுருங்கி, உள்ளே பார்க்கும்போது விரிந்து உடனுக்குடன் சரிசெய்து கொள்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகத் தருகிறது. ஆகவே நமக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

கமராவோ ஒரு தடவை அழுத்தும்போது ஒரே ஓர் அளவைத்தான் தெரிவு செய்கிறது. வெளியே உள்ளதற்கு அளவு வைத்தால் உள்ளே இருட்டு. உள்ளே உள்ளதற்கு அளவு வைத்தால் வெளியே வெறும் வெள்ளை. வெள்ளையாகிப் போன இடத்தில் எந்த விபரமும் பதிவாவதில்லை. பின்னர் கணனியில் எவ்வளவு திருத்தினாலும் இல்லாத விபரம் திரும்பி வராது. ஆகவே எடுக்கும்போதே இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து கொள்வதே வழி.

பழைய யோசனை, புதிய கருவி

இது கணனிக் காலத்தில் பிறந்த யோசனையல்ல. பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக் கலைஞர் 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1997இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும், வெவ்வேறு அளவில் எடுத்த படங்களிலிருந்து ஒரு காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். இன்றைய எச்.டி.ஆர். மென்பொருட்களுக்கு அடிப்படையாக அமைந்த ஆய்வுகளில் அது முக்கியமானது.

எனவே இது இரண்டு கட்ட வேலை. முதலில் மூன்று படங்களும் சேர்ந்து, முழு ஒளி வீச்சும் அடங்கிய ஒரு கோப்பாகின்றன. அந்தக் கோப்பைச் சாதாரண கணனித் திரையிலோ தாளிலோ அப்படியே காட்ட முடியாது. ஆகவே இரண்டாவது கட்டத்தில் அந்த வீச்சை, திரைக்கும் தாளுக்கும் ஏற்ற அளவுக்குச் சுருக்க வேண்டும். இதற்கு 'டோன் மெப்பிங்' என்று பெயர். அலங்கோலமான எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் பிழைப்பது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

எந்த மென்பொருள்?

விலைகொடுத்து வாங்கும் மென்பொருளைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே நீண்ட காலமாக இருந்து வருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணனி மென்பொருளும் பாதுகாக்கப்பட்ட ஒன்றாகும். தன் கடைச் சரக்கை ஒருவன் காசு கொடுக்காமல் தூக்கிச் சென்றால் கோபப்படும் நாம், இன்னொருவரின் உழைப்பை அவ்வாறு எடுத்துக் கொள்வது நியாயமல்ல. அதற்கான தேவையும் இல்லை. கீழ்க்காணும் மூன்றும் சட்டப்படியே இலவசமானவை. வின்டோஸ், மெக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குபவை.

1. லுமினன்ஸ் எச்.டி.ஆர். - இவ்வேலைக்கென்றே உருவாக்கப்பட்டது. மேலே சொன்ன இரண்டு கட்டங்களையும் இதிலேயே செய்யலாம்.

2. ஜிம்ப் - போட்டோஷொப்பைப் போன்ற பொதுவான பட மென்பொருள். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் ஆரம்பித்து, 1996இல் பொதுமக்களுக்கு வெளியிட்டது. இன்றும் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. கடைசித் திருத்தங்களுக்கு இது வேண்டும். எச்.டி.ஆர். வேலையையும் கையால் இதிலேயே செய்து கொள்ளலாம்.

3. ஹியூகின் - பல படங்களை ஒட்டி அகன்ற காட்சி தயாரிப்பதற்கானது. இதனுடன் 'என்ஃபியூஸ்' என்ற சிறு மென்பொருளும் சேர்ந்து வருகிறது. அது ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதிகளை எடுத்து நேரடியாகக் கலந்து விடுகிறது. டோன் மெப்பிங் கட்டம் இதற்குத் தேவையில்லை. பெரும்பாலும் இயல்பான படம் கிடைக்கும்.

மூன்றையும் அவற்றின் உத்தியோகபூர்வ தளங்களிலிருந்து மட்டும் தரவிறக்கம் செய்து கொள்ளுங்கள். வேறு தளங்களில் எடுத்தால் வேண்டாத மென்பொருட்களும் கூடவே வந்து சேரக்கூடும்.

படம் எடுக்கும் முறை

முதல் வேலை, வெளிச்ச வித்தியாசத்தையே குறைத்துக் கொள்வது. நண்பகலை விட்டு, காலை 7 அல்லது 8 மணியளவிலோ, பிற்பகல் 5 மணிக்குப் பின்னரோ எடுங்கள். உள்ளே உள்ள விளக்குகளைப் போட்டுக் கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

கமராவை ட்ரைபொட்டில் நிறுத்துங்கள். ட்ரைபொட் இல்லையென்றால் மேசையின் மேல் அரிசி நிரப்பிய சிறு பையை வைத்து, அதன் மேல் கமராவை உறுதியாக வையுங்கள். கையால் அழுத்தும்போது ஏற்படும் அசைவைத் தவிர்க்க 2 செக்கன் டைமரைப் பயன்படுத்துங்கள்.

கமராவை மெனுவல் முறைக்கு மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, துவார அளவு எஃப் 8 என்று வைத்துக் கொள்ளலாம். இவை இரண்டையும் பின்னர் மாற்றவே கூடாது. துவார அளவு மாறினால் படத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதியும் மாறிவிடும். போகஸையும், வைட் பெலன்ஸ் எனப்படும் நிறச் சமநிலையையும் ஓட்டோவில் விடாமல் நிலைப்படுத்துங்கள். இல்லையேல் ஒரு படம் மஞ்சளாகவும் இன்னொரு படம் நீலமாகவும் விழும். ஃபிளாஷ் வேண்டாம்.

இப்போது சட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் எடுங்கள். உதாரணமாக, நடுத்தரப் படம் 1/30 செக்கன் என்றால், வெளிச்சம் கூடியது 1/8 செக்கன், குறைந்தது 1/125 செக்கன். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏறத்தாழ 4 மடங்கு வித்தியாசம். வெளிச்சம் குறைந்த படத்திலும் ஜன்னல் வெள்ளையாகவே இருந்தால் 1/500 செக்கனில் நான்காவது படம் ஒன்றை எடுங்கள். பல கமராக்களில் இதைத் தானாகவே செய்யும் 'பிரக்கெட்டிங்' என்ற வசதி உண்டு. அதில் 2 ஈ.வி. இடைவெளியைத் தெரிவு செய்தால் இதே பலன் கிடைக்கும்.

சரியாக எடுத்திருக்கிறோமா என்பதைக் கமராத் திரையிலேயே பரிசோதிக்கலாம். மிக இருண்ட படத்தில் ஜன்னலுக்கு வெளியே உள்ளவை தெளிவாகத் தெரிய வேண்டும். மிக வெளிச்சமான படத்தில் மேசைக்குக் கீழே உள்ள நிழல் கூட விளங்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் போதும்.

எடுப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். அசையும் திரைச்சீலையைக் கட்டி விடுங்கள். நடமாடுபவர்களைச் சற்று ஒதுங்கச் சொல்லுங்கள். மூன்று படங்களிலும் ஒரு பொருள் மூன்று இடங்களில் இருந்தால், சேர்த்த பின் அது பேய் உருவம் போலத் தெரியும்.

இன்னொரு விடயம். நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே பழைய சோக் வைத்த டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 1/125 போன்ற வேகத்தில் எடுக்கும்போது படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறலாம். வேகமான படத்திலிருந்து நமக்கு ஜன்னல் மட்டுமே தேவை என்பதால் பெரிய பாதிப்பு இல்லை. எனினும் உள்ளே பட்டை பட்டையாக விழுந்திருந்தால் காரணம் இதுதான் என்று விளங்கிக் கொள்ளுங்கள்.

கணனியில் செய்ய வேண்டியவை

லுமினன்ஸ் எச்.டி.ஆர். மென்பொருளைத் திறந்து, புதிய எச்.டி.ஆர். படம் உருவாக்கும் கட்டளையைத் தெரிவு செய்யுங்கள். மூன்று படங்களையும் அதில் ஏற்றுங்கள். எந்தப் படம் எந்த வெளிச்ச அளவில் எடுக்கப்பட்டது என்பதைப் படக் கோப்பிலுள்ள தகவலிலிருந்து அது தானே வாசித்துக் கொள்ளும். தகவல் அழிந்திருந்தால் -2, 0, +2 என்று நாம் எழுதிக் கொடுக்கலாம். படங்களைத் தானாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் வசதியையும் தெரிவு செய்து முன்னேறினால், முதற் கட்டம் முடிந்துவிடும்.

அடுத்தது டோன் மெப்பிங். அதற்கான முறைகளின் பட்டியல் ஒன்று திரையில் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்த ஆய்வாளர்களின் பெயர்களே அம்முறைகளுக்கும் சூட்டப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் பரீட்சிக்க வேண்டியதில்லை. வர்த்தகப் படங்களுக்கு 'ரைன்ஹார்ட் 02', 'மன்டியூக் 06' ஆகிய இரண்டுமே போதும். முதலாவது இயல்பான தோற்றத்தைத் தரும். இரண்டாவது மரத்தின் ரேகை, துணியின் நெசவு போன்ற நுணுக்கங்களை எடுப்பாகக் காட்டும். 'ஃபாட்டல்' என்ற முறை கண்ணைக் கவரும். ஆனால் சுவரையும் ஓவியம் போல ஆக்கிவிடும். விற்பனைப் படத்துக்கு அது ஏற்றதல்ல.

முதலில் சிறிய அளவில் செய்து பாருங்கள். கணனி பழையதென்றால் பெரிய அளவுக்கு நேரம் பிடிக்கும். 'செச்சுரேஷன்' என்பது நிறத்தின் அழுத்தம். அதைக் கூட்ட வேண்டாம். சற்றுக் குறைத்தாலும் பாதகமில்லை. திருப்தியான பின் முழு அளவில் செய்து சேமியுங்கள்.

சேமித்த படத்தை ஜிம்ப்பில் திறந்து, சாய்ந்திருக்கும் சுவர்களை நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி, வெளிச்சத்தைச் சற்றுச் சீராக்குங்கள். அச்சுக்கு முழு அளவுப் பிரதியையும், இணையத்துக்கு 1200 பிக்ஸல் அகலமான பிரதியையும் தனித்தனியே வைத்துக் கொள்ளுங்கள். மூலப் படங்கள் மூன்றையும் அழித்துவிட வேண்டாம்.

ஜிம்ப் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. வெளிச்சமான படத்தைக் கீழேயும், இருண்ட படத்தை அதற்கு மேலேயும் இரண்டு லேயர்களாகத் திறவுங்கள். மேல் லேயருக்கு 'லேயர் மாஸ்க்' சேர்க்கும்போது, அந்த லேயரின் சாம்பல் நிறப் பிரதியை மாஸ்க்காகத் தெரிவு செய்யுங்கள். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் மேல் படமும், கறுப்பாக உள்ள இடத்தில் கீழ்ப் படமும் தெரியும். ஜன்னல் பகுதி மாஸ்க்கில் வெண்மையாக இருப்பதால் அங்கே இருண்ட படமும், அறைக்குள் வெளிச்சமான படமும் தானாகவே அமைந்து கொள்ளும். பின்னர் மாஸ்க்கைச் சற்று மங்கலாக்கினால் இரண்டும் சேரும் இடம் மென்மையாகிவிடும். ஒரு கதவும் ஒரு ஜன்னலும் மட்டுமே உள்ள காட்சிக்கு இதுவே போதுமானது.

எங்கே நிறுத்துவது?

தென்கரையோரத்தில் நாலைந்து அறைகள் கொண்ட சிறு விருந்தினர் விடுதி நடத்தும் நானா ஒருவரை எனக்கு நீண்ட நாட்களாகத் தெரியும். ஒவ்வோர் அறையின் ஜன்னலிலும் கடல் தெரியும். அவருடைய மூலதனமே அந்தக் கடல்தான். “தம்பி, கட்டிலுக்கு எடுத்தால் கடல் வெள்ளை, கடலுக்கு எடுத்தால் கட்டில் இருட்டு. இதற்கு என்ன வழி?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பின்னர் வேறொருவரிடம் காசு கொடுத்து எச்.டி.ஆர். படங்கள் தயாரித்துக் கொண்டார். அந்தப் படங்களில் கடல் பச்சை மாணிக்கம் போல மின்னியது. மங்கிப்போன சுவர் அன்றுதான் வர்ணம் பூசியது போல இருந்தது. முன்பதிவுகளும் வந்தன.

ஒரு சனிக்கிழமை மாலை கொழும்பிலிருந்து பிள்ளைகளுடன் வந்த ஒரு குடும்பத்தார், அறையைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியிலிருந்த படத்தைக் காட்டி, “இந்த அறையைத்தான் நாங்கள் கேட்டோம், இது எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார்கள். அதே அறையில்தான் அவர்கள் நின்று கொண்டிருந்தார்கள். நானா பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். பணம் போனதை விட, பிள்ளைகளுக்கு முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றதே தனக்குக் கவலை என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பின் அவரும் நானும் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் எல்லா அறைகளையும் மேலே சொன்ன முறையில் எடுத்தோம். அறைக்கு மூன்று படங்கள். லுமினன்ஸில் ரைன்ஹார்ட் முறை. செச்சுரேஷனை நாங்கள் தொடவே இல்லை. முடிந்த படத்தைக் கணனியில் திறந்து வைத்துக் கொண்டு, அதே அறைக்குள் நின்று ஒப்பிட்டுப் பார்த்தோம். சுவரின் மங்கலும் படத்தில் தெரிந்தது. “இதையும் போடுவதா?” என்று நானா தயங்கினார். “படத்தில் மறைக்க வேண்டாம் நானா, வர்ணம் பூசிவிட்டு இன்னொரு தடவை எடுப்போம்” என்றேன். இரண்டு கிழமைக்குள் பூசிவிட்டார். இப்போது அவர் போட்டிருப்பது அந்தப் புதிய படங்களைத்தான்.

படத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு, தராசுக்கும் சரக்குக்கும் உள்ள உறவைப் போன்றது. எச்.டி.ஆர். முறை கமராவின் குறையைத் திருத்துவதற்கே தவிர, பொருளின் குறையை மறைப்பதற்கல்ல. கண்ணுக்குத் தெரிந்தது கமராவுக்குத் தெரியவில்லை என்றால், அதைச் சேர்ப்பது நியாயம். கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் படத்தில் ஏற்றினால் அது கலப்படம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. ஆகவே படத்தை வெளியிடும் முன் அதைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பாருங்கள். வாடிக்கையாளர் நேரில் வந்து பார்க்கும்போது இதே பொருள்தான் என்று சொல்வாரா என்பதே அளவுகோல்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

கடையின் உட்புறம், வாசல், விடுதி அறை, திருமண மண்டபம், தளபாடக் காட்சியறை, விற்பனைக்குள்ள வீடு ஆகியவற்றுக்கு இம்முறை மிகப் பொருத்தம். இவை அசையாதவை. வெளிச்சமும் நிழலும் கலந்தவை.

புடவை, மாணிக்கக்கல், தங்க நகை போன்றவற்றுக்கு இதனைப் பயன்படுத்த வேண்டாம். அங்கே நிறமே விலையைத் தீர்மானிக்கிறது. டோன் மெப்பிங் நிறத்தை எப்படியும் சற்று மாற்றிவிடும். நீலக்கல்லின் நிறம் படத்தில் ஒரு படி கூடினால், வாங்குபவர் கொடுக்கும் விலையும் பொய்யான ஒன்றாகிவிடும். இத்தகைய பொருட்களுக்கு மேகமூட்டமான நாளில், ஜன்னலோரத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரே படம் எடுப்பதே சிறந்தது.

கையடக்கத் தொலைபேசியில் எச்.டி.ஆர். இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2010இல் ஐபோனில் இவ்வசதி வந்தது. இன்று பெரும்பாலான தொலைபேசிகள் ஒரு தடவை அழுத்தும்போதே பல படங்களை எடுத்து, தாமாகவே கலந்து விடுகின்றன. அன்றாடத் தேவைக்கு அது போதும். ஆனால் எவ்வளவு நிறம் ஏற்றுவது, எவ்வளவு நிழலைத் திறப்பது என்பதையெல்லாம் அங்கே தொலைபேசியே தீர்மானிக்கிறது. வாசலில் கடும் வெயில் இருக்கும்போதும், பெரிய பதாகைக்கு அச்சிட வேண்டியிருக்கும்போதும், அலுமாரியில் தூங்கும் பழைய டிஜிட்டல் கமராவும் ஒரு ட்ரைபொட்டும் இந்த இலவச மென்பொருளுமே கூடுதல் பலன் தரும்.

இதற்குத் தேவை ஒரு விடுமுறை நாளின் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. முதலில் உங்கள் சொந்தக் கடை வாசலிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று படங்கள் எடுங்கள், சேருங்கள், பின்னர் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் கணனி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் இதில் பழக்கி விடுங்கள். நிறத்தைக் கூட்டும்படி அவர்கள் சொன்னால், கடையில் உள்ள பொருளை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, இதைப் போலவே படமும் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.